தகடூர் மானம்

தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை வரும். தேய்பிறை அஷ்டமி நாள்களில் அங்கே இறங்குபவர்களில் பெரும்பாலோர் காலபைரவர் கோயிலுக்குப் போகிறவர்கள். சாம்பல் பூசணியைப் பிளந்து, எண்ணெய் ஊற்றித் திரியிட்டு விளக்கேற்றுகிறார்கள். இன்னும் சிலர் சென்றாயப் பெருமாள் கோயிலுக்குள் போய், மண்டபத்து விதானத்தில் மங்கிக்கொண்டிருக்கும் பழைய ஓவியங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர்ப் பக்கம் போகும் 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரில்தான் தொடங்குகிறது. கோட்டை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு மதில் இல்லை. மண் அரணின் தடமும் ஊர்ப்பெயரும், அரசு கட்டிய கோட்டத்தில் அதியமானுக்கும் ஔவைக்கும் வைத்த சிலைகளும்தான் மிச்சம்.

இந்த மண்ணைச் சங்கப் பாடல்கள் தகடூர் என்கின்றன. அதியமான் நெடுமான் அஞ்சி இங்கிருந்து ஆண்டான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். கிமு 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்ற கேள்வி நெடுநாள் தீராமல் கிடந்தது. 1981இல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பைக் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி பற்றிய ஒற்றை வரி அது. பாடலில் மட்டுமே வாழ்ந்தவன் அன்று கல்லிலும் வந்து நின்றான். பெரிய கோட்டை எதையும் விட்டுச் செல்லாத ஒரு குடியின் பெருமை, ஒரு வரியில் மீண்டது.

அந்தக் குடியின் மானம் எதில் இருந்தது என்று ஔவையின் பாடல்களில் தேடினால், திரும்பத் திரும்ப உடம்பில் போய்த்தான் நிற்கிறது, அதுவும் ஆணின் சொந்த உடம்பில். போரில் புண்பட்டு நின்ற அஞ்சியைப் பார்த்து அவர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. வாள் படாமல் நோயால் மாண்ட அரசரைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, வாளால் கீறி அடக்கம் செய்யும் வழக்கம் அதில் பேசப்படுகிறது. புண் இல்லாத சாவு மன்னர் குடிக்கு வடு என்று கருதிய காலம். அந்த வடு உனக்கு நேராது என்பதே ஔவையின் ஆறுதல். காயத்தைக் காட்டி ஆறுதல் சொல்லும் அந்த முறை இன்று நமக்கு அந்நியமாக இருக்கிறது. ஆனால் அதன் உள்ளே ஒரு கணக்கு நேராக இருந்தது: மானம் என்னுடையது, ஆகவே அதற்கான காயமும் என்னுடையது.

அந்தக் கணக்குக்கு வீட்டுப் பெண்களும் உடன்பட்டிருந்தார்கள். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்டு, கையில் வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்த்த கிழவியைக் காக்கைபாடினியார் பாடினார். மகன் உடல் வெட்டுண்டு சிதைந்து கிடந்தது கண்டு, அவனைப் பெற்ற நாளைவிட அவள் மகிழ்ந்தாள். கொடுமையான மகிழ்ச்சிதான். அதை நான் போற்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளை அழவும் விடாத ஒழுங்கு அது.

அஞ்சியின் வீட்டிலிருந்தே ஒரு காட்சி. அவனுக்கு மகன் பிறந்திருக்கிறான். களத்திலிருந்து அப்படியே வந்து பார்க்கிறான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை. பகைவரை நோக்கிச் சிவந்த கண், புதல்வனை நோக்கிய பின்னும் சிவப்பு மாறவில்லை என்கிறார் ஔவை. புகழ்ச்சியாகப் பாடப்பட்ட பாட்டு. எனக்கோ அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் நினைப்புத்தான் வரும். காயம்பட்ட செருக்கு வாசலோடு நிற்பதில்லை. தொட்டில்வரை வருகிறது.

தகடூரின் வீழ்ச்சியும் ஒரு செருக்கின் வழியாகத்தான் வந்தது. அஞ்சி, மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை வென்றான். அந்த வெற்றியைப் பரணர் பாடினார் என்பதை ஔவையே பெருமையாகச் சொல்கிறார். ஊரை இழந்த காரி சேரர் பக்கம் சேர்ந்தான். கொல்லிமலை ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அதன்பின் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் படை தகடூர்மேல் வந்தது என்று ஆய்வாளர்கள் இந்த வரலாற்றைக் கோப்பார்கள். போரின் முடிவு வென்றவன் பெயரிலேயே இருக்கிறது: தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு நூலே இருந்தது. இன்று முழு நூல் இல்லை. புறத்திரட்டில் தொகுக்கப்பட்ட பாடல்களும் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய சிலவும்தான் கையில் உள்ளன.

ஆனால் அந்தப் போருக்கு வேறொரு பக்கமும் உண்டு. அதற்காகவே இதை எழுதுகிறேன். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் சேரனைப் பாடியவர் அரிசில்கிழார். தகடூரை எறிந்த வெற்றியைப் புகழ்ந்தவர். அதே அரிசில்கிழார், தகடூரில் பொருது வீழ்ந்த அதியமான் எழினிக்காக எமனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். விதைநெல்லைத் தின்றுவிட்ட உழவனைப் போல அறிவிழந்தாயே என்பது அவர் எமனிடம் வைத்த வழக்கு. வென்றவனின் புலவன் தோற்றவனுக்கு அழலாம், அதற்காக யாரும் அவனைத் துரோகி என்று சொல்லவில்லை. மார்பில் வேல் பாய்ந்து அஞ்சி விழுந்தபோது ஔவை பாடிய கையறுநிலையில், அந்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரப்பவர் கையையும் புலவர் நாவையும் துளைத்துப் போனதாகச் சொன்னார். பிறகு அவனுக்கு நடுகல் நட்டார்கள். கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் நார் அரித்த கள்ளைப் படைத்தார்கள்.

தகடூரை எறிந்த அந்தச் சேரன் யார்? புலவர் மோசிகீரனார் வழிநடைக் களைப்பில், அறியாமல், முரசுக் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கினாரே, அந்த அரண்மனைக்கு உரியவன். வீரமுரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரம். அரசனின் மானம் முழுவதும் ஏற்றி வைக்கப்பட்ட கட்டில் அது. அதில் ஏறியவரை வெட்டி வீழ்த்துவது அந்நாளைய முறை. இரும்பொறை வெட்டவில்லை. அருகே வந்து, தூங்குகிறவருக்குத் தன் தோளை ஓச்சிக் கவரி வீசினான். ஒரு கோட்டையை இடித்த கை அது. குடிப்பெருமையின்மேல் ஒருவர் கால்நீட்டிப் படுத்திருக்கும்போது அதே கை அடங்கியது. வாளை எடுக்க எல்லா உரிமையும் இருந்த இடத்தில் அதை எடுக்காதிருந்தான். பத்துப் பாட்டுப் பாடிப் புகழ்ந்த வெற்றியைவிட இந்த ஒரு நிகழ்ச்சியால்தான் இன்று பள்ளிப் பிள்ளைக்கும் அவனைத் தெரிகிறது.

அஞ்சிக்குப் பின் ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் இருந்தார்கள். 1116ஐ ஒட்டிய காலத்தில் காவிரிக்கரைத் தலைக்காட்டில் சோழருக்காக எல்லை காத்த ஓர் அதியமானிடம், போசள விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன் நாட்டை ஒப்படைக்கச் சொன்னான். சண்டை போட்டு எடுத்துக்கொள் என்ற பொருளில் மறுமொழி போயிற்று. அதியமான் தோற்றான். தலைக்காடு கொண்டவன் என்ற பட்டம் போசளனுக்குப் போயிற்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாளின் வழி வேறு. போளூர்ப் பக்கத்துத் திருமலையில், தன் முன்னோன் எழினி எழுந்தருளுவித்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் சிதைந்து கிடந்தன. அவற்றைப் பழுதுபார்த்து மறுபடி நிறுவி, எறிமணி கொடுத்து, கால்வாயும் வெட்டுவித்தான். அதைச் சொல்லும் கல்வெட்டில் தன்னைச் சேரர் மரபில் வந்த எழினி வழியினன் என்று குறித்துக்கொண்டான். சேரனால் அழிந்த ஊரின் தலைவன், சேர மரபைத் தன் மரபாகவே எழுதி வைத்தான். பழைய காயத்தைக் கல்லில் பதிக்கவில்லை. குடும்பப் பெருமையை இப்படியும் காக்கலாம்.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அரசர்களின் பெருமை சாதாரணக் குடிகளிடம் எப்படி இறங்கி வந்தது என்று அங்கே தெரியும். வரிசையாக நடுகற்கள். பெரும்பாலும் ஆநிரைச் சண்டைகள். இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில் தொறு கொண்டபோது, அதை மீட்டுப் பட்ட இன்னானுடைய கல். வட்டெழுத்தில் நாலைந்து வரி. வில்லோடும் வாளோடும் முன்னே பாய்ந்தபடி நிற்கும் உருவம். சிலவற்றில் உடம்பில் தைத்த அம்பும் தெரிகிறது. ஒரு மாட்டு மந்தைக்காகச் செத்த ஒருவனின் பெயரை அவன் ஊர் 1,500 ஆண்டுகளுக்கு எழுதி வைத்தது.

இத்தோடு நிறுத்தினால் பொய் சொன்னவன் ஆவேன். அந்தக் காலத்தில் மானம் ஆணின் மார்பில் மட்டும் இருந்தது, பெண்ணின்மேல் ஏற்றப்படவில்லை என்று சொல்ல ஆசைதான். புறநானூறே அதைச் சொல்ல விடாது. 336ஆம் பாட்டிலிருந்து தொடர்ச்சியாக வரும் பாடல்களின் துறை மகட்பாற் காஞ்சி. பேரரசன் பெண் கேட்டு வருகிறான், தந்தை கொடுக்க மறுக்கிறான், தமையன்மார் வேலைத் தீட்டுகிறார்கள், ஊர் அழியப்போகிறது. தொல்காப்பியமே இதைக் காஞ்சித் திணையில் இலக்கணமாக வகுத்து வைத்தது. இந்தப் பெண்ணால் இந்த ஊர் என்ன ஆகுமோ என்று புலவர்கள் இரங்குகிறார்கள். உனக்கு யாரைப் பிடிக்கும் என்று அந்தப் பெண்ணை அந்தப் பாடல்களில் எவரும் கேட்கவில்லை. இரண்டு மானங்களும் அன்றே இருந்தன. முதலாவதில் ஒருவன் தன் உடம்பைக் கொடுத்தான். இரண்டாவதில் மகளை எல்லையாக நிறுத்தினான். காலம் முதலாவதை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டது. இரண்டாவது வீடுகளில் தங்கிவிட்டது.

அது எவ்வளவு ஆழமாகத் தங்கியது என்பதற்குச் சில எண்கள். 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் வந்தது. 2011இல் அந்த எண் 910ஐத் தாண்டியது. பத்தே ஆண்டில் இது பெரிய மாற்றம், எத்தனையோ செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீடு வீடாக ஏறி இறங்கியதன் பயன். இருந்தும் அதே 2011இல் மொத்த மக்கள்தொகையில் 1,000 ஆண்களுக்கு 946 பெண்கள் என்ற விகிதத்தோடு தருமபுரிதான் மாநிலத்திலேயே கடைசியில் நின்றது. பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 60 விழுக்காடு.

மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் முதன்முதலாகத் தொடங்கியது இந்தத் தருமபுரியில்தான். கணவன் பெயரை வாய்திறந்து சொல்லாத பெண்கள் வங்கியில் தங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களின் பெண்களும் பேத்திகளும் கல்லூரிப் பேருந்தில் ஏறினார்கள். படித்த பெண் தன் துணையைத் தானே பார்க்கத் தொடங்குவது இயல்பாக அடுத்து வரும் செய்தி. குடும்பங்கள் மகளின் படிப்புக்குப் பணம் கட்டின. அதற்கு அடுத்து வருவதற்கு மனதைத் தயாரித்துக்கொள்ளவில்லை.

2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டாம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள். சாதி கடந்து ஒரு திருமணம் நடந்திருந்தது. பெண்ணின் தந்தை அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய சாவு ஊரின் மானமாக மாற்றப்பட்டது. கூட்டம் திரண்டது, சாலையில் மரங்களை வெட்டிப் போட்டார்கள், 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. உயிர்ச்சேதம் நிகழவில்லை. ஆனால் பீரோ, தையல் இயந்திரம், பள்ளிச் சான்றிதழ், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை என்று ஒரு தலைமுறையின் உழைப்பு ஒரு மாலையில் போயிற்று. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, மணம்புரிந்த அந்த தலித் இளைஞர் தருமபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். இரண்டு வீடுகளிலும் துக்கம்.

தகடூர்க்காரன் நெஞ்சில் வேல் வாங்கினான். தன்னைவிட வலியவனை எதிர்த்து நின்றான். அவன் வழியில் வந்தோம் என்று சுவரொட்டியில் போட்டுக்கொள்வோர் எந்தச் சாதியானாலும், 2012இன் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆயுதம் இல்லாதவரின் கூரையில் தீ வைப்பது அந்தப் பழைய கணக்கில் எந்தத் துறையிலும் வராது. அதற்கு எவரும் கல் நட்டதில்லை.

அன்று பெற்ற மகளைக் காக்கச் சட்டம் கிடையாது, தந்தை சொன்னதே சட்டம். இன்று 2018 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது. வயதுவந்த இருவர் மணம்புரிய குடும்பமோ சாதியோ பஞ்சாயத்தோ சம்மதம் தரத் தேவையில்லை, தடுக்க எவருக்கும் உரிமையும் இல்லை என்றது அது. மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வைத்து அத்தகைய இணையரைக் காக்கச் சொன்னது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமண நிதியுதவி இருக்கிறது. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இவையெல்லாம் உறுதியான லாபங்கள். மகட்பாற் காஞ்சிப் பாடல்களில் பெயர்கூடச் சொல்லப்படாத பெண்களுக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

நாம் இழந்தது ஒன்று. தொண்டைமானுக்கும் அஞ்சிக்கும் பகை முற்றியபோது, நடுவே ஔவை தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, பீலி அணிந்து, காவலுள்ள மனையில் பளபளத்த ஆயுதங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, எங்கள் அஞ்சியின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வதுபோல் எச்சரிக்கை. எவர் முகத்திலும் அடிக்காத சொற்கள். செருக்குள்ள இரண்டு ஆண்களுக்கு நடுவே, இருவரும் பின்வாங்க இடம்விட்டுப் பேசத் தெரிந்த ஒருத்தி இருந்தாள். அவளை உள்ளே விட்டு உட்காரவைத்துக் கேட்கும் வழக்கமும் இருந்தது.

இன்று ஒரு வீட்டில் பெண் விரும்பியவனோடு போய்விட்டாள் என்றால் முதல் நாள் இரவே வாசலில் கூடுவது யார்? சொந்தக்காரர்கள், சாதிச் சங்கத்தார், கட்சிக்காரர்கள். எவரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க வருகிறார்கள். தந்தைக்கு மகளை நினைத்து அழக்கூட அங்கே இடம் இல்லை. அவர் மானத்தை அவரைவிட அதிகமாகப் பிறர் சுமக்கிறார்கள். காயம் ஒரு வீட்டுடையது, கோபம் ஊருடையதாகிவிடுகிறது.

நத்தம் காலனியில் எரிந்த வீடுகள் பின்னர் திரும்பக் கட்டப்பட்டன. அவற்றுக்கும் அதியமான்கோட்டைக்கும் ஒரே மாவட்டம், ஒரே மழை, ஒரே ராகிக் களி. இந்த மாவட்டத்துத் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அஞ்சி ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியின் கதையை வகுப்பில் சொல்லும்போது, முரசுக் கட்டிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். தகடூரை இடித்தவன்தான் கவரி வீசினான் என்பதைச் சொல்லுங்கள்.

வாசகருக்கும் ஒரு சொல். உங்கள் உறவில் ஒரு வீட்டுக்கு இந்தச் செய்தி வந்து சேரும் நாள் ஒன்று வரலாம். அன்று கூட்டத்தோடு போகாதீர்கள். தனியாகப் போய், அந்தத் தகப்பன் பக்கத்தில் திண்ணையில் உட்காருங்கள். அவர் அழுது முடிக்கும்வரை வேறு யாரையும் பேச விடாதீர்கள்.